ஐந்தாம் வார்த்தைக்குச் சீட்டு விழுந்தவள்

கடிகாரத்தில் பன்னிரண்டு ஆகவும் கரண்டு போகவும் சரியாக இருந்தது. போனால் போகட்டும், பெரிய வெள்ளிக்கிழமை அன்றைக்குக் காற்று வாங்கவா கோயிலுக்கு வருகிறோம் என்று ஜெயசீலி நினைத்தாள். நினைத்த கையோடு வெள்ளைச் சேலையின் முந்தியை எடுத்து விசிறவும் செய்தாள். இனி மூன்று மணி வரைக்கும் யாரும் எழுந்து போக மாட்டார்கள். ஆண்டவர் சிலுவையில் தொங்கிக்கொண்டே பேசிய ஏழு வார்த்தைகளுக்கு ஏழு பேர் பீடத்தில் ஏறி இறங்குவார்கள், ஆளுக்குப் பதினைந்து நிமிஷம், நடுநடுவே பாட்டும் ஜெபமும், அதுவரைக்கும் சபை முழுக்கப் பச்சைத்தண்ணீர் பல்லில் படாத உபவாசம். ஐந்தாவது ஆள் ஜெயசீலி. ஐந்தாம் வார்த்தை, தாகம். போயும் போயும் அந்த வார்த்தையையா அவளுக்குக் கொடுக்க வேண்டும்? கொடுத்தது மனுஷர் இல்லை, சீட்டு. சாலோம்புரம் சபையில் அது வழக்கம்: குருத்தோலை ஞாயிறு சாயங்காலம் காணிக்கைப் பைக்குள் ஏழு துண்டுச் சீட்டைப் போட்டு, ஜெபம் பண்ணி, ஏழு பேரும் கையை விட்டு எடுப்பார்கள், எது வந்ததோ அது கர்த்தர் கொடுத்தது, மாற்றக் கூடாது. மாதர் சங்கச் செயலாளர் என்ற முறையில் அவளும் கையை விட்டாள். பிரித்துப் பார்த்தால் ஐந்து. ஆறாம் வார்த்தை விழுந்த உபதேசியாரிடம் மெல்லப் போய், "அண்ணாச்சி, நாம மாத்திக்கிடுவமா?" என்று கேட்டாள். "சீட்ட மாத்துனா ஆண்டவருக்கே நாம புத்தி சொன்ன மாதிரி ஆயிரும்லா தங்கச்சி" என்று அவர் சைக்கிளில் ஏறிப் போய்விட்டார். சரி, அப்படியே இருக்கட்டும், கர்த்தர் கொடுத்ததாகவே இருக்கட்டும், கொடுத்ததை வைத்து என்ன செய்யணும் என்று எனக்குத் தெரியும் என்று அந்த ஐந்து நாளும் அவள் உள்ளுக்குள் கறுவிக்கொண்டே இருந்தாள்.

கைப்பையில் நாலு பக்கத் தாள் இருக்கிறது. ஆத்தும தாகம், நீதியின்மேல் தாகம் என்று எழுதி, கோடுகூடப் போட்டு வைத்திருக்கிறாள். அதை வாசிக்கப் போவதில்லை. வாசிக்கிற மாதிரி விரித்து வைத்துக்கொண்டு வேறொன்றைச் சொல்லப் போகிறாள். "எங்க வீட்டுக்காரவ தண்ணி தண்ணின்னு கேட்டே செத்தாவ. ஒரு சொட்டு குடுக்கக் கூடாதுன்னு சொன்ன நர்சு இந்தா, இந்தப் பாட்டுக்குழுவுலதான் உக்காந்திருக்கா. பேரு பெர்சிஸ்." அவ்வளவுதான். மூன்றே மூன்று வரி. கனகராஜ் போய்ப் பதினொரு மாதம் ஆகிறது, அந்த மூன்று வரியும் பதினொரு மாதமாகத் தொண்டையில் மீன்முள்ளாகக் குத்திக்கொண்டு நிற்கிறது. விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. இன்றைக்குத் துப்பிவிட வேண்டியதுதான். பாட்டுக்குழுவின் பெஞ்சு சபையைப் பார்த்துப் போட்டிருப்பதால், தலையை நிமிர்த்தினால் நேரே பெர்சிஸின் முகம்தான் தெரிகிறது. முப்பது வயசுகூட நிறையாத பிள்ளை. இரவு டியூட்டி பார்த்துவிட்டு அப்படியே வந்திருப்பாள் போல, கண்ணுக்குக் கீழே கறுப்பு. ஐயோ பாவம் என்று ஒரு கணம் தோன்றியது, உடனே ஜெயசீலிக்குத் தன்மேலேயே கோபம் வந்தது. என்ன பாவம்? யாருக்குப் பாவம்? அவருக்குப் பார்த்தாளா பாவம்?

முதல் வார்த்தைக்கு ஆசீர்வாதம் சார் ஏறினார். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், மைக்கைக் கண்டால் விடமாட்டார், இப்போது மைக்கும் வேலை செய்யாததால் இன்னும் சத்தம். மன்னிப்பைப் பற்றித்தான் முதல் வார்த்தை. கொன்றவர்களுக்காகவே ஆண்டவர் ஜெபித்தார், அறியாமல் செய்கிறார்கள் என்று அவர்களுக்காகச் சாக்குச் சொன்னார் என்று சார் விரலை நீட்டி நீட்டிச் சொன்னார். நீட்டின விரல் தன்னைப் பார்த்து நீளுகிற மாதிரி இருந்தது ஜெயசீலிக்கு. அறியாமல் செய்தால் மன்னிக்கலாம் சார், அறிந்தே செய்தால்? படித்துப் பட்டம் வாங்கி, வெள்ளை உடுப்புப் போட்டு, சம்பளம் வாங்கிக்கொண்டு செய்தால்? நாக்கு வறண்ட மனுஷன் கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்கிறான், அதைப் பார்த்துக்கொண்டே ஆஸ்பத்திரிச் சீட்டில் என்னவோ எழுதிக்கொண்டு நின்றாளே, அது அறியாமலா? இதை அவள் மூன்றாம் நாள் துக்கத்திலேயே வீட்டுக்கு வந்தவர்களிடமெல்லாம் சொன்னாள். மாதர் சங்கக் கூட்டத்தில் ஒரு தடவை சொன்னாள். தை மாசம் பக்கத்துச் சேகரத்துச் சபையிலிருந்து ஒரு மாப்பிள்ளை வீட்டார் விசாரிக்க வந்தார்களே, அப்போது கேட்டதற்கு மட்டும்தான் பதில் சொன்னாள். "பிள்ள நல்ல பிள்ளதான், பாட்டு பாடுவா, வேலையும் இருக்கு. ஆனா மனசு மட்டும் கொஞ்சம் கல்லு." பொய்யா சொன்னாள்? ஊரில் இல்லாததையா சொல்லிவிட்டாள்? அந்தச் சம்மந்தம் அதோடு நின்றுபோனது என்று பிறகு கேள்விப்பட்டாள். நின்றால் நிற்கட்டும். ஒருத்திக்குக் கல்யாணம் நின்றதும் ஒருத்திக்குப் புருஷன் போனதும் ஒன்றாகுமா? இப்படி அவள் தனக்குத்தானே வழக்காடிக்கொண்டிருக்கும்போது ஆசீர்வாதம் சார் ஆமென் சொல்லி முடித்தார், பாட்டுக்குழு எழுந்தது, பெர்சிஸ் வாயைத் திறந்தாள். சும்மா சொல்லக்கூடாது, நல்ல குரல். அந்தக் குரலில்தான் அன்றைக்கு, "ஒரு சொட்டுகூடக் குடுத்துராதீங்கக்கா" என்று சொன்னாள்.

கனகராஜுக்குக் குடல் அடைப்பு. இருபத்தெட்டு வருஷம் அரசுப் பேருந்து ஓட்டின உடம்பு, ஒரு நாள் காய்ச்சல் என்று படுத்தது கிடையாது, வயிறு பானையாக வீங்கி டவுன் ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ச் சேர்த்தபோதும், "ஏட்டி, வண்டிக்கு எஞ்சின்ல அடைப்பு, அவ்வளவுதான், நாளைக்கு எடுத்துருவானுவ" என்று சிரித்தார். ஜெபம் என்றால் அவருக்கு ரெண்டு நிமிஷம். கண்ணை மூடுவார், "ஆண்டவரே, எல்லாரையும் பாத்துக்கிடும்" என்பார், திறந்துவிடுவார். நீண்ட ஜெபம் பண்ணுகிற ஜெயசீலியைக் கேலி பண்ணிக்கொண்டேதான் இருந்தார்: "ஒனக்கு ஆண்டவர்ட்டப் பேச இவ்வளவு இருக்கே, எங்கிட்டப் பேச ஒண்ணும் இல்லையாட்டி?" மறுநாள் காலையில் ஆப்பரேசன் என்றார்கள். வாய்வழியாக ஒன்றும் கூடாது. மூக்கில் ஒரு குழாய், கையில் குளுக்கோஸ். அன்றைக்கு மத்தியானம் மூன்று மணி இருக்கும், முதலில் கேட்டார். தண்ணி தாட்டி. ஜெயசீலி பாட்டிலை எடுத்தும்விட்டாள். அப்போதுதான் பெர்சிஸ் ஓடிவந்து கையைப் பிடித்தாள். "குடுத்துராதீங்கக்கா, வாந்தி வந்து மூச்சுக்குழாய்ல போயிரும், உயிருக்கே ஆபத்து." கையைப் பிடித்த பிடி இன்னும் மணிக்கட்டில் இருக்கிறது. பிறகும் கேட்டார். கெஞ்சினார். வாழ்நாளில் யாரிடமும் கெஞ்சாத மனுஷன். நாக்கை நீட்டிக் காட்டினார், மேலெல்லாம் வெடித்து வெள்ளையாக இருந்தது, காய்ந்த உப்பளத்து மண் மாதிரி. ஆறு மணிக்கு ஒரு விக்கல், கண் மேலே போனது, டாக்டர் ஓடிவந்து நெஞ்சில் அமுக்கினார், அவ்வளவுதான், முடிந்துபோயிற்று. ஆப்பரேசனும் இல்லை ஒன்றும் இல்லை. தண்ணீராவது குடித்துவிட்டுப் போயிருப்பாரே! இதுதான் கதை. இதைத்தான் அவள் எல்லாரிடமும் சொன்னாள். எல்லாரும் உச்சுக்கொட்டினார்கள். சொல்லச் சொல்லக் கதை வழுவழுப்பாகிவிட்டது, எங்கேயும் தடுக்காமல் மூன்று மணியிலிருந்து ஆறு மணிக்குப் போய்விடும்.

ஆனால் இன்றைக்குத் தடுக்கியது. மூன்றிலிருந்து ஆறுக்கு மூன்று மணி நேரம். இந்த ஆராதனையும் பன்னிரண்டிலிருந்து மூன்றுக்கு மூன்று மணி நேரம்தான், முதல் வார்த்தைதான் முடிந்திருக்கிறது, இதற்குள்ளாகவே என் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டுகிறது, எத்தனையோ நேரம் ஆனது மாதிரி இருக்கிறது, அப்படியானால் அவருக்கு அந்த மூன்று மணி நேரம் எவ்வளவு நீளமாக இருந்திருக்கும், அவ்வளவு நீளத்தில் நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்று கேள்வி எழுந்தது. எழுந்த உடனே அவள் வேறெதையோ நினைத்துக்கொண்டாள். மகள் காலையில் பெங்களூரிலிருந்து போன் பண்ணி, "பயப்படாமப் பேசும்மா, அப்பா இருந்தா முதல் பெஞ்சுல உக்காந்து ஒன்னயவே பாத்துக்கிட்டு இருந்திருப்பாவ" என்றாள். பார்த்துக்கொண்டா? தூங்கியிருப்பார். ரெண்டாம் வார்த்தைக்கு வாலிபர் சங்கத்திலிருந்து ஒரு தம்பி ஏறி, தாளைக் கீழே போட்டு, அது முன்னால் பறந்துவந்து, யாரோ எடுத்துக் கொடுத்தார்கள். பக்கத்தில் கைப்பிள்ளைக்காரி ஒருத்தி பிள்ளைக்குப் புட்டிப்பாலைப் புகட்டினாள், பிள்ளை சப்புகிற சத்தம் சப்சப்பென்று கேட்டது, ஜெயசீலிக்கு அந்தச் சத்தத்தைப் பொறுக்க முடியவில்லை, நகர்ந்து உட்கார்ந்தாள். என்ன இப்படிச் சத்தம் போட்டுக் குடிக்கிறது? பெர்சிஸ் இன்னொன்றும் சொன்னாளே. சொன்னாளா? கையைப் பிடித்து, பாட்டிலை வாங்கி வைத்தவள், அவர் கெஞ்சுவதைப் பார்த்து நாலரை மணிவாக்கில் சின்னக் கிண்ணத்தில் தண்ணீரும் ஒரு பொட்டலம் பஞ்சும் கொண்டுவந்து தலைமாட்டில் வைத்தாள். "பஞ்ச நனைச்சுப் பிழிஞ்சு, உதட்டுலயும் நாக்குலயும் தொட்டுத் தொட்டு வைங்கக்கா. அது ஒண்ணும் செய்யாது. அவியளுக்கும் ஆறுதலா இருக்கும்." ஆமாம். சொன்னாள். அதைக் கதையில் ஜெயசீலி சேர்த்ததே இல்லை. சேர்க்காததற்கு என்ன காரணம்? மறந்துபோச்சு. துக்கத்தில் எத்தனையோ மறக்கும். மறந்துபோச்சு என்று ரெண்டு தடவை சொல்லிக்கொண்டாள். மூன்றாம் தடவை சொல்லும்போது அவளுக்கே அது எடுபடவில்லை.

மூன்றாம் வார்த்தைக்குப் போதகர் ஐயரின் வீட்டம்மா, ஐயரம்மா. தாயைச் சீஷனிடம் ஒப்படைத்த வார்த்தை. அந்தம்மா அழுத்தம் திருத்தமாகத்தான் பேசினார், ஜெயசீலியின் காதில் பாதிதான் ஏறியது. கிண்ணம் தலைமாட்டில் இருந்தது. பஞ்சு இருந்தது. அவள் ஒரு துண்டு பிய்த்து நனைக்கவும் செய்தாள், அப்போதுதான் வாசலில், "ஸ்தோத்திரம்" என்று சத்தம் கேட்டது. எப்சிபா அக்காவும் ஜெபக்குழு அக்காமார் ஆறு பேரும். வார்டுக்குள் இத்தனை பேர் வரக்கூடாது என்று வாட்ச்மேன் தடுத்ததால் வராந்தாவில் நின்றார்கள். "வா ஜெயசீலி, இப்படி நின்னு ஆண்டவரப் பிடிச்சு உலுக்கிருவோம். பிசாசு ஓடுத வரைக்கும் விடப்படாது." பஞ்சைக் கிண்ணத்துக்குள் போட்டுவிட்டு வெளியே வந்தாள். எவ்வளவு நேரம் ஆகிவிடும், பத்து நிமிஷம் என்றுதான் நினைத்தாள். எப்சிபா அக்காவின் ஜெபம் பத்து நிமிஷத்தில் முடிகிற ஜெபமா? ஊருக்கே தெரியுமே! சிருஷ்டிப்பில் ஆரம்பித்து ஒவ்வொரு தீர்க்கதரிசியாக வந்து, ஆறு பேரும் மாறி மாறி... நாற்பது நிமிஷம். நாற்பது நிமிஷம் நின்றாள். கண்ணை மூடிக்கொண்டு, கையை விரித்துக்கொண்டு. இது பாவமா ஆண்டவரே? புருஷன் பிழைக்கணும் என்று உம்மிடம் வந்து நின்றது ஒரு குற்றமா? வேறு எங்கே போய் நிற்கச் சொல்கிறீர்?

நாலாம் வார்த்தையை ஐயரே எடுத்திருந்தார்; அவருக்கும் சீட்டுத்தான், ஐயர் என்பதற்காகச் சலுகை கிடையாது. ஏன் என்னைக் கைவிட்டீர் என்று ஆண்டவரே கதறின கஷ்டமான வார்த்தை. ஐயர் அன்றைக்குச் சத்தமே போடவில்லை. கூப்பிட்டதற்குப் பதில் வராததைவிடப் பெரிய வேதனை இல்லை என்று சொல்லி, ஒரு நிமிஷம் சும்மா நின்றார். கோயில் முழுக்கச் சத்தம் அடங்கிப்போனது, வெளியே வேப்பமரத்தில் காக்கைகூடக் கத்தவில்லை. அந்த ஒரு நிமிஷத்தில், பதினொரு மாதமாகக் கதவைச் சாத்திச் சாத்தி வைத்திருந்த சத்தம் உள்ளே வந்துவிட்டது. ஏட்டி. ஏட்டி, தண்ணி. வார்டுக்கும் வராந்தாவுக்கும் நடுவே ஒரு பாதிக்கதவுதான். எப்சிபா அக்காவின் கத்தலுக்கு இடையிலும் அது கேட்டது. கேட்டதா என்று இந்தப் பதினொரு மாதத்தில் யாரும் அவளிடம் விசாரித்ததும் இல்லை, அவள் யாருக்கும் சொன்னதும் இல்லை. கேட்டது. நன்றாகவே கேட்டது. முதல் தடவை கேட்டபோது, நடு ஜெபத்தில் கண்ணைத் திறந்தால் விசுவாசம் குறைந்துவிடும் என்று நினைத்தாள். ரெண்டாம் தடவை, இது பிசாசின் தந்திரம், ஜெபத்தைக் கலைக்கப் பார்க்கிறான் என்று நினைத்தாள். அட பாவி மகளே, கட்டின புருஷன் தண்ணீர் கேட்பதையா பிசாசின் சத்தம் என்று நினைத்தாய்! மூன்றாம் தடவை கேட்டபோது தோளில் ஒரு கை பட்டு லேசாக உலுக்கியது. எப்சிபா அக்காதான் கைவைத்து ஆசீர்வதிக்கிறாள் என்று நினைத்து, இன்னும் சத்தமாக ஸ்தோத்திரம் ஸ்தோத்திரம் என்றாள். கை சற்று நேரம் இருந்து, விலகிக்கொண்டது.

எப்சிபா அக்கா ஜெபிக்கும்போது ரெண்டு கையையும் வானத்துக்குத் தூக்கிக்கொள்ளுவாள். யார் தோளையும் தொடமாட்டாள். முப்பது வருஷமாகப் பார்க்கிறவளுக்கு இது தெரியாதா? தெரியும். அப்படியானால் அது யார் கை? விசிறின முந்தி மடியில் கிடந்தது. ஆமென் சொல்லிக் கண்ணைத் திறந்து உள்ளே போனபோது அவருடைய முகம் எப்படி இருந்தது? நினைக்கப் பயமாக இருந்தது, இருந்தாலும் நினைத்தாள். அமைதியாக இருந்தது. கண் பாதி மூடியிருந்தது. உதடு வறண்டிருக்கவில்லை. ஈரமாக இருந்தது. தாடையில் ஒரு துளி வழிந்திருந்ததை அவள்தான் சேலையால் துடைத்தாள். கட்டிலுக்கு அந்தப் பக்கம் பெர்சிஸ் நின்றுகொண்டிருந்தாள், கையில் பஞ்சு. ஜெபத்துக்குப் பலன் கிடைத்துவிட்டது, முகத்தில் தெளிவு வந்துவிட்டது என்று ஜெயசீலி வாசலைப் பார்த்துச் சொன்னாள், எப்சிபா அக்கா அல்லேலூயா என்றாள். அரை மணி நேரத்தில் அவர் போய்விட்டார். ஆண்டவரே, உமக்காவது எதிரிப் பட்டாளத்தான் ஒருத்தன் கடற்காளான் பஞ்சைப் புளித்த காடியில் தோய்த்து, கோலில் மாட்டி வாய்வரைக்கும் நீட்டினான். உமக்குச் சொந்தக்காரர்கள் எல்லாரும் தூரத்தில் நின்றார்கள். நானும் தூரத்தில்தான் நின்றேன். உம்முடைய பெயரைச் சொல்லிக்கொண்டே நின்றேன். தோய்த்துக் கொடுத்தவளைத்தான் கல்நெஞ்சுக்காரி என்று ஊரெல்லாம் சொல்லி, அவள் கல்யாணத்தையும் கெடுத்து, இன்றைக்குப் பெயரையும் சொல்லிக் கெடுக்கலாம் என்று புறப்பட்டு வந்திருக்கிறேன். பாட்டு முடிந்தது. "ஐந்தாம் வார்த்தை" என்று ஐயர் சொல்வது கேட்டது. ஓடிப்போய்விடலாமா, மயக்கம் என்று சொல்லிவிடலாமா, உபவாசம்தானே, யாரும் சந்தேகப்பட மாட்டார்கள், தாளை வாசித்துவிட்டு இறங்கிவிடலாமா, ஆத்தும தாகம், நீதியின்மேல் தாகம், யாருக்கு என்ன தெரியும்? பக்கத்துக் கைப்பிள்ளைக்காரி, "போங்க சித்தி" என்று மெல்லத் தொட்டாள். எழுந்துவிட்டாள்.

பீடத்துக்கு ஐந்து படி. ஏறி நின்றபோது வெள்ளை வெள்ளையாகத் தலைகள் தெரிந்தன. பெர்சிஸ் தலையைக் குனிந்துகொண்டாள். அவளுக்குத் தெரிந்திருக்கிறது, இன்றைக்குத் தாகத்தைப் பற்றி இந்த அக்கா பேசப்போகிறாள் என்று தெரிந்தும், இரவு முழுக்க முழித்துவிட்டு, அடி வாங்குவதற்கென்றே வந்து உட்கார்ந்திருக்கிறாள். ஜெயசீலி தாளை விரித்தாள். எழுத்து ஒன்றும் கண்ணில் பிடிபடவில்லை. "எழுதிட்டு வந்தத நான் வாசிக்கல" என்றாள். "எங்க வீட்டுக்காரவ சாவும்போது தண்ணி கேட்டாவ. நர்சு குடுக்க விடலன்னு ஒங்க எல்லார்ட்டயும் சொல்லியிருக்கேன். நான் பாதிதான் சொன்னேன். குடுத்தா மூச்சடைச்சிரும்னு அந்தப் பிள்ள சொன்னது நெசம். பஞ்ச நனைச்சு ஒதட்டுல வைங்கன்னு சொன்னதும் நெசம். அத நான் செய்யல. அவிய கூப்பிடக் கூப்பிட நான் வெளிய நின்னு ஜெபம் பண்ணுனேன். கேக்காமல்லாம் இல்ல. கேட்டுச்சு." எப்சிபா அக்கா பெஞ்சில் அசைந்தாள். "ஜெபம் பண்ணுனது தப்புன்னு சொல்ல வரல. ஆண்டவரக் கூப்பிட்டுக்கிட்டு நின்ன எனக்கு, அவரே உள்ள இருந்து என்னயக் கூப்பிடுதாருன்னு தெரியலயே! ஆண்டவருக்கு அன்னைக்குச் சொந்தக்காரங்க யாரும் குடுக்கல. எங்க வீட்டுக்காரவளுக்கும் நான் குடுக்கல. குடுத்தது பெர்சிஸ். என்னயக் கூப்பிட்டுப் பாத்திருக்கா, நான் கண்ணத் தொறக்கல, அவளே போய்க் குடுத்திருக்கா. அந்தப் பிள்ளையத்தான் நான் கல்நெஞ்சுக்காரின்னு சொன்னேன். மாப்பிள்ள வீட்டுக்காரங்ககிட்டயும் சொன்னேன். அது பொய். நாளைக்கே அவங்க ஊருக்குப் போய் அது பொய்னு சொல்லுவேன்." இன்னும் என்னவோ சொல்ல வாயெடுத்தாள், நாக்கு ஒட்டிக்கொண்டது. "ஆமென்" என்று சொல்லிவிட்டு இறங்கினாள். பதினைந்து நிமிஷத்தில் மூன்று நிமிஷம்கூட ஆகவில்லை.

ஐயர் கடிகாரத்தைப் பார்த்தார், பாட்டுக்குழுவைப் பார்த்தார். ஆர்மோனியக்காரர் சுதியைப் பிடித்துக்கொண்டே இருந்தார். ஜெயசீலி தன் இடத்துக்குத்தான் போக நினைத்தாள், கால் பாட்டுக்குழு பெஞ்சுக்குப் போய்விட்டது. அங்கிருந்த பெண்கள் நகர்ந்து இடம் விட்டார்கள். பெர்சிஸ் பக்கத்தில் உட்கார்ந்ததும் மருந்து வாடை அடித்தது, அந்தச் சாயங்காலத்தின் வாடை. யாரோ ஒருத்தி ஒருவழியாகப் பாட்டைத் தொடங்க, சபையும் சேர்ந்துகொண்டது. பெர்சிஸ் பாடவில்லை. பாட்டுப் புஸ்தகத்தை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு அழுதாள். "மன்னிச்சிருட்டி" என்று ஜெயசீலி அவள் முழங்கையைத் தொட்டாள். பெர்சிஸ் தலையை ஆட்டினாள், இல்லை என்கிற மாதிரி. "நானும் ஒண்ணு மறைச்சிட்டேன்க்கா" என்றாள், பாட்டுச் சத்தத்துக்குக் கீழே, உதடு அசையாமல். "நான் பஞ்ச வைக்கும்போது அவிய கண்ணத் தொறக்கல. 'சீலி வந்துட்டியா'ன்னு கேட்டாவ."

சீலி. இந்த உலகத்தில் அவளைச் சீலி என்று கூப்பிட ஒரே ஒரு வாய்தான் இருந்தது, அதுவும் ஆள் இருக்கும்போது கூப்பிடாது. அந்தப் பெயர் பெர்சிஸுக்கு வேறு எந்த வழியிலும் தெரிந்திருக்க முடியாது.

"நீ என்ன சொன்ன?"

"'ம்'னு சொன்னேன்க்கா. நான் நர்சுன்னு சொல்லியிருக்கணும். சொல்ல மனசு வரல. ஒங்களுக்குப் பதிலா நான் பதில் சொல்லிட்டேன். அத ஒங்ககிட்ட எப்படிச் சொல்லன்னு பயந்தே, நீங்க திட்டுனதெல்லாம் சரிதான்னு இருந்துட்டேன். தப்பாக்கா?"

ஜெயசீலியின் நெஞ்சுக்குள் என்னவோ உடைந்து, அது துக்கமா சந்தோஷமா என்று பிரிக்க முடியாமல் கிடந்தது. பதினொரு மாதமாக அவள் மனசுக்குள் அந்த மனுஷன் கதவைப் பார்த்துக்கொண்டு கூப்பிட்டுக்கொண்டே கிடந்தார், யாரும் போகவில்லை. இப்போது யாரோ போயிருக்கிறார்கள். அவள் பெயரிலேயே போயிருக்கிறார்கள். ஆண்டவரே, நான் கண்ணை மூடிக்கொண்டு உம்மை வெளியே தேடினேன், நீர் அந்தப் பிள்ளையின் கையில் பஞ்சைப் பிடித்துக்கொண்டு நின்றீரா? பாட்டு முடிந்து, ஆறாம் வார்த்தைக்கு உபதேசியார் தொண்டையைக் கனைத்துக்கொண்டு படியேறினார். பேசக் கூடாத நேரம். ஜெயசீலி குனிந்து பெர்சிஸின் காதருகே போனாள்.

"சப்புனாவளா?"

"ஆமாக்கா. மூணு தடவ. மூணாந்தடவ போதும்னு தலைய ஆட்டுனாவ."

"போதும்னா?"

"போதும்னுதான்க்கா."

உபதேசியார் பேசத் தொடங்கிவிட்டார். ஜெயசீலியின் காதில் ஒரு வார்த்தையும் ஏறவில்லை, பெர்சிஸின் கையைப் பிடித்து மறுபடியும், "மூணு தடவையா?" என்று கேட்டாள்.